பெயரறிதலும் பொருளறிதலும்

ஒரு பொருளின் பெயரை அறிவது அப்பொருளை அறிவதாகுமா? இவ்வினா பழமையானது. மெய்ப்பொருள் ஆய்வோர் இதனை மொழியின் இயல்பு பற்றிய வினாவாகவே பெரும்பாலும் கண்டனர். ஆயின் பல நாள் கால்நடையாகக் காட்டினூடே செல்லும் ஒருவனுக்கு இஃது ஒழுக்கம் பற்றிய வினாவாகவும் மாறி நிற்கக் காணலாம். வழியோரத்துச் செடியையும், கிளையில் ஒளியும் பறவையையும், மட்கிய மரத்தில் முளைத்த காளானையும் இன்னதென்று அறிந்துகொள்ளும் கடப்பாடு நமக்கு உண்டா? அறியாமலே அழகென்று கண்டு மகிழ்ந்து போவது போதாதா? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. நிலத்தைப் பிரித்த நம் முன்னோர் அப்பிரிவுகளுக்கு அரசர் பெயரையோ திசைப் பெயரையோ இட்டாரல்லர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்திணைப் பெயர்களையே இட்டனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை ஒரே தொடராக அடுக்கினார். அவற்றை மனப்பாடமாக ஒப்பிப்போர் இன்றும் நம்மிடையே உளர். எனினும் அவற்றுள் எத்தனை மலர்களை நாம் நேரில் கண்டு இதுதான் என்று சுட்டவல்லோம்? சில பெயர்கள் எம்மலரைக் குறிப்பன என்பதில் அறிஞரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. பெயர் நிலைத்தது, பொருள் கைநழுவிற்று. இஃது ஒருவகை வறுமை. மலைக்குச் சென்று நூறு மலர்களைக் கண்டும் ஒன்றன் பெயரும் அறியாது திரும்புவது மற்றொரு வகை வறுமை. முன்னதில் சொல் உண்டு, காட்சியில்லை. பின்னதில் காட்சி உண்டு, சொல்லில்லை.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு அணித்தே உள்ளது சிங்காலிலா மலைத்தொடர். டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங்கிலிருந்து மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த முடியாகிய சந்தக்பூவுக்கு (3,636 மீட்டர்) ஏறத்தாழ 31 கிலோமீட்டர். அங்கிருந்து பாலுட் 21 கிலோமீட்டர். ஒருபுறம் நேபாளம், மறுபுறம் இந்தியா. பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் நெடுங்காலம் குலுங்கியோடிய பாதை அது. வண்டியில் செல்வோர்க்கு வாய்ப்பது கஞ்சன்ஜங்காவின் தோற்றம். நடந்து செல்வோர்க்கு அதனோடு, காலடியில் கிடக்கும் உலகமும் வாய்க்கின்றது. மழை ஓய்ந்து, தேசியப் பூங்கா செப்டம்பர் இடையில் மீண்டும் திறக்கும்போது, பாசி படர்ந்த அடிமரங்களில் காளான்கள் நிறைந்திருக்கும். புல்வெளிச் சரிவுகளில் நீல மலர்கள் தலை கவிழ்ந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "பெயர் எதற்கு? பெயரிட்டவுடன் வியப்பு மறைகின்றது. இன்ன மலர் என்று சொல்லிவிட்டால் மனம் அதனைவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகின்றது" என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. கண்டவற்றைப் பட்டியலில் குறித்து, எண்ணிக்கையை மிகுவித்து, அதனையே சாதனையாகக் கருதுவோர் உளர். அவர்க்குப் பறவை என்பது கட்டத்தில் இடும் ஒரு குறி. ஆயினும் இக்குற்றம் பெயரின்பாற்பட்டதன்று. பெயரைப் பெற்றவுடன் நோக்குதலை நிறுத்திவிடும் மனத்தின்பாற்பட்டது.

பெயரைத் தேடுதல் நோக்குதலை வளர்க்கும் என்பதற்கு அம்மலையின் ரோடோடெண்ட்ரான் மரங்களே சான்று. சித்திரை, வைகாசித் திங்களில் அவை பூத்திருக்கையில் வேறுபாடு எளிதில் புலனாகும். பூவற்ற காலத்தில் எல்லாம் ஒரே பசுமை. அப்போது இன்னதென்று அறிய விரும்புவோன் இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மேற்புறம் நரம்போடிச் சுருங்கி, அடிப்புறம் துருவின் நிறத்தில் மென்மயிர் அடர்ந்திருப்பின் அது பால்கோனரி. பட்டை உரிந்து வழுவழுப்பான அடிமரம் தோன்றுமாயின் அது ஹாட்ஜ்சோனி. அதன் கட்டையால் மலைமக்கள் கிண்ணமும் கரண்டியும் கடைந்தனர். இலை சிறுத்துக் குறுகி அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் இருப்பின், அது நேபாளியர் லாலி குராஸ் எனப் போற்றும் ஆர்போரியம் ஆகலாம். அம்மரத்தின் தென்னாட்டு உறவை நீலகிரியில் நம்மவர் காட்டுப்பூவரசு என்பர். இமயத்திலும் நீலகிரியிலும் வாழும் ஓரினம் இடைப்பட்ட சமவெளி நெடுகிலும் இல்லாதிருப்பது எத்துணை வியப்பு! பெயரறியாதவன் இவ்வியப்பினை எய்த வழியில்லை. அவன் அங்கும் ஒரு மரம் கண்டான், இங்கும் ஒரு மரம் கண்டான், அவ்வளவே.

இனி, பெயரிடுதலின் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். 1848 மே மாதம் டோங்லு முகட்டுக்கு ஏறிய ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் ஆங்கிலத் தாவரவியலார் இம்மலைகளின் ரோடோடெண்ட்ரான்களை உலகுக்கு அறிமுகம் செய்தார். மேற்கூறிய ஹாட்ஜ்சோனி என்னும் பெயர், டார்ஜிலிங்கில் அவருக்கு உறைவிடம் அளித்த ஹாட்ஜ்சனைச் சிறப்பிப்பது. பால்கோனரி ஸ்காட்லாந்து அறிஞர் ஒருவரைச் சிறப்பிப்பது. மற்றோரினம் தலைமை ஆளுநரின் மனைவியார் பெயரைப் பெற்றது. ஹூக்கருடன் காடு புகுந்து செடி திரட்டிய லெப்சா மக்களின் பெயர்களை இவ்வரிசையில் தேடினும் காணோம். தம் மொழியில் செடிகொடிகளுக்குச் செழுமையான பெயர்த்தொகுதி உடையவர் அவர்.

செம்பாண்டாவின் வரலாறும் இத்தகையதே. ஹார்ட்விக் என்னும் படைத்தலைவர் 1821இல் இலண்டனில் அவ்விலங்கைப் பற்றிக் கட்டுரை படித்தார்; அதன் குரலொலியைக்கொண்டே மலைமக்கள் இட்டிருந்த பெயரையும் குறித்திருந்தார். அக்கட்டுரை அச்சேறியது 1827இல். அதற்கு முன்பே, 1825இல், பிரெஞ்சு அறிஞர் பிரெடரிக் குவியே அதற்கு அறிவியற் பெயர் சூட்டி அச்சிட்டுவிட்டமையின் அதுவே நிலைபெற்றது. முதலில் யார் அறிந்தார் என்னும் வழக்கு அவ்விருவர்க்கிடையே நிகழ்ந்தது. அவ்விலங்கை ஹப்ரே என்று அழைத்துவந்த மக்கள் வழக்கில் கட்சியாகவே சேர்க்கப்பட்டிலர். இதற்கு மாறான முன்மாதிரியும் நம் நாட்டில் உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்த் தாவரநூல், மலையாள மருத்துவர் இட்டி அச்சுதனின் வாக்குமூலத்தை அவர் பெயரோடு தாங்கியுள்ளது. அறிவைத் தந்தவன் பெயரை மறைக்காதிருப்பதும் பெயரறிதலின் ஓர் அறமாகும்.

அவ்வாறாயின் பெயர் எதற்கு உரியது? உடைமைக்கன்று; பகிர்வதற்கு. சந்தக்பூவை அடுத்துப் பிக்கே பஞ்சாங் என்றோரிடம் உள்ளது. பிக் என்பது நேபாளியில் நஞ்சு. சந்தக்பூ என்னும் பெயருக்கே நச்சுச்செடியின் மேடு என்று பொருள் கூறுவர். நீல நிறத்தில் முக்காடிட்டாற்போல் பூக்கும் அச்செடி, நம் சித்த மருத்துவர் நாபி எனக் குறிக்கும் நஞ்சின் இனத்தது. அதன் கிழங்கு சிறிதளவே உட்சென்றாலும் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்து உயிரைப் போக்க வல்லது. மருத்துவர் அதனைச் சுத்தி செய்தன்றித் தொடார். மலைவாணர் அந்நஞ்சின் பெயரை ஊருக்கே இட்டதன் கருத்து யாது? முன்னே சென்றவன் பின்னே வருவோனுக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை அது. இவ்விடத்துப் பெயர் அறிவின் அணிகலன் அன்று. அயலானுக்குச் செய்யும் உதவி.

காளானிடம் வரும்போது இவ்வறம் இன்னும் கூர்மை பெறுகின்றது. பூவின் பெயரைத் தவறாகச் சொன்னால் நகைப்போடு போகும். காளானின் பெயரைத் தவறாகச் சொன்னால் உயிர் போகும். சாவுக்குடை எனத்தகும் அமானிட்டா பலாய்டிஸ் என்னும் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் அழிவதில்லை. உண்டவனுக்கு ஆறு மணிநேரத்துக்கு மேலாகியே துன்பம் தோன்றும். இடையே நலமடைந்தவன்போல் தெளிவான். அதன்பின் ஈரல் செயலிழக்கும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் குடியேறிய தென்கிழக்காசிய மக்களுள் சிலர் இதனைத் தம் தாயகத்து வைக்கோல் காளான் என்று கருதியுண்டு மாண்டனர். இரண்டும் இளமையில் உறை பொதிந்து ஒன்றுபோல் தோன்றும். முதிர்ந்த குடையைத் தாளில் கவிழ்த்து ஓரிரவு வைத்தால் வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகவும் மற்றதன் தூள் வெண்மையாகவும் படியும். அவர்கள் அறிவிலிகள் அல்லர். தம் மண்ணில் பிழையாத அறிவை உடையவர்கள். மண் மாறிற்று, அறிவு மாறவில்லை. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் உண்டு பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து மக்கள். பிறந்த மண்ணைவிட்டு வாழும் நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. நாம் கொண்டுவந்த பெயர்கள் புதிய நிலத்தில் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது.

பூங்கா எல்லையைக் கடந்து ஸ்ரீகோலாவை நோக்கி இறங்குகையில் எம்முடன் வந்த நண்பர் ஒருவர், பாதையோரத்து வெண்காளானைக் கைப்பேசியில் படமெடுத்தார். செயலி நொடியில் ஒரு பெயரைக் கூறி, உண்ணத்தக்கது என்றது. "தாஜூ, இரவு இதைச் சமைக்கலாமா?" என்று வழிகாட்டியை வினவினார். அவர் குனிந்து அதன் குடையின் அடியையும், மண்ணை விலக்கி அடித்தண்டையும் பார்த்தார். பிறகு, "ஐயா, என் தாய்க்கு ஏழெட்டுக் காளான்கள் உறுதியாகத் தெரியும். அவற்றுள் மூன்றை நான் கற்றுக்கொண்டேன். இஃது அம்மூன்றில் இல்லை" என்றார். அது நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. அன்றிரவு உருளைக்கிழங்கும் பருப்பும் உண்டோம்.

அம்மறுமொழியை ஆராயின், முறையான அறிவின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கக் காணலாம். தன் அறிவு யாரிடமிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அதன் எல்லையை எண்ணிட்டே கூறினார். எல்லைக்கு அப்பாற்பட்டதைப் பற்றி ஊகம் சொல்ல மறுத்தார். கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. பல்லாயிரம் படங்களோடு ஒப்பிட்டு அது தரும் பெயர், தேடலைத் தொடங்குதற்கு நல்ல துணை. ஆனால் விளைவுக்குப் பொறுப்பேற்பவன் மனிதனே ஆதலின், தெரியாது என்று சொல்லும் கடமையும் அவனுடையதே. அதனினும் வருந்தத்தக்கது, தாயின் ஏழெட்டு மகனிடம் மூன்றாகக் குறைந்தமை. நஞ்சை அறியும் அறிவும் உணவை அறியும் அறிவும் ஒரே கூடையில் இருந்தவை. அக்கூடை தலைமுறைதோறும் எடை குறைந்து வருகின்றது.

உறுதியாக அறிந்ததாக அறிஞர் கருதியதும் திருத்தத்துக்கு உரியதே. டார்ஜிலிங்கை அடுத்த ஜோர்போக்ரி நீர்நிலையில் வாழும் வாலுடைய நீர்நில உயிர் ஒன்று, சீனத்து யுன்னானிலிருந்து 1871இல் விவரிக்கப்பட்ட இனமென்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2015இல்தான் இமயத்தது தனியினம் என்று பிரித்துப் புதுப்பெயர் இட்டனர். உயிர் மாறவில்லை, நம் கண் தெளிந்தது. இத்தெளிவு ஏட்டோடு நிற்பதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் உயிர்களைப் பெயர் சொல்லியே காக்கின்றன. பெயரற்றது பட்டியலில் இடம் பெறுவது அரிது. பட்டியலில் இல்லாதது அழியும்போது கேட்பாரும் அரியர்.

ஆகவே தொடக்கத்து வினாவுக்கு விடை இதுவாகலாம். பெயரறிதல் பொருளறிதல் ஆகாது. ஆயினும் பெயரறிய முயலாதவன் பொருளை நெருங்கி நோக்குதலும் அரிது. அம்முயற்சியில் மூன்று கடமைகள் உள்ளன: இலையைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை, அறிவைத் தந்தவரை மறவாமை, அறியாததை அறியேன் என்னும் நேர்மை.

இவற்றைப் பயில அனைவரும் மலையேற வேண்டுவதில்லை. துர்க்கை பூசையை ஒட்டிய நாள்களில் கொல்கத்தாத் தெருக்களில் மாலைதோறும் ஒரு கடுமணம் கமழ்கின்றது. வங்காளியர் அம்மரத்தைச் சாதிம் என்பர். சாந்திநிகேதனில் பட்டமளிப்பு விழாவில் அதன் இலைக்கொத்தையே மாணவர்க்கு வழங்கும் மரபு உண்டு. அதுவே நம் நூல்கள் கூறும் ஏழிலைப்பாலை. அப்பெயரை ஏட்டில் கற்றோர் நம்முள் பலர். அம்மரத்தின் நிழலில் நாள்தோறும் பேருந்துக்குக் காத்திருப்போரும் அவரே. இவ்வாண்டு மணம் எழும்போது நிமிர்ந்து, ஒரு காம்பில் எத்தனை இலைகள் சூழ்ந்துள்ளன என்று எண்ணிப் பாருங்கள். எப்போதும் ஏழாக இராது என்பதனையும் அப்போது காண்பீர்கள். அருகில் பிள்ளைகள் இருப்பின், எண்ணும் பணியை அவர்களிடமே விடுங்கள்.