ஸ்டேஷன் வருமுன் அங்கே இருந்தவர்

லிங்கிக்கு வடக்கே லாபு என்றோர் ஊர் உண்டு. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடக்கும் அதிவேக ரயில் அங்கே நிற்குமென்றும், அந்த ஸ்டேஷனைச் சுற்றிக் கடையும் காரியாலயமும் வீடும் கலந்த புதுநகரம் எழுமென்றும் சொன்னார்கள். 2016 டிசம்பரில் இரு சர்க்கார்களும் கையொப்பமிட்டன. 2021 ஜனவரி முதல் தேதி அது கைவிடப்பட்டது. மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி நஷ்டஈடு கொடுத்தது. 2023இல் மறுபடியும் தனியாரிடம் யோசனை கேட்கப்பட்டது. ரயில் வருமோ வராதோ, அது நம் விசாரணையன்று. ஸ்டேஷனைச் சுற்றி ஊர் அமைப்போர், அங்கே முன்பே குடியிருந்தவர்க்குக் கடன்பட்டவரா என்பதே கேள்வி.

நான் தோட்டக் கிராணி. நிலம் கைமாறும்போது ஆட்களுக்குக் கணக்கு முடிப்பது என் மேசையில் நடக்கும் வேலை. 1980ஆம் வருஷத்து விதிப்படி, ஐந்து வருஷமோ அதற்கு மேலோ உழைத்தவர்க்கு வருஷமொன்றுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய அம்மாளுக்கு அறுநூறு நாள். பெருக்கல் எளிது. ஆனால் அவ்வம்மாள் கேட்பது பெருக்கலையன்று. "கிராணி ஐயா, இனி எங்கே போய் இருக்கிறது?" அதற்குப் படிவத்தில் கட்டமில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போம். நிலச் சொந்தக்காரருக்குச் சந்தை விலை உண்டு. சிங்கப்பூருக்கும் ஈடு கிடைத்தது, பத்திரம் இருந்ததால். மூன்று தலைமுறைக் குடியிருப்புக்குப் பத்திரம் ஏது?

நிற்க. உழைத்தவருக்கே நிலம் சொந்தமென்று நான் வாதிக்க வரவில்லை. லயத்தைச் சொர்க்கமென்று பாடவும் மாட்டேன். நம் பிள்ளைகள் அதை விட்டுச் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போனது நல்லதே. நான் சொல்வது வேறு. ஸ்டேஷன் வந்ததும் நிலத்தின் விலை ஏறுகிறது. அவ்வேற்றத்தை உண்டாக்கியவர் யார்? சொந்தக்காரர் ஒரு செங்கல்லும் வைத்தாரில்லை. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பார் 1898இலேயே இதைக் கண்டு, நகரத்தின் நிலம் குடிகளின் பொதுவுடைமையாக இருக்குமாயின் விலையேற்றம் அவர்களுக்கே திரும்புமென்று எழுதினார்; 1903இல் லெட்ச்வொர்த்தில் அவ்வழியில் ஊரும் தொடங்கப்பட்டது. பொதுப்பணத்தால் பிறந்த ஏற்றம் பொதுவுக்குரியது. அதன் பொருட்டு வீட்டை இழப்பவருக்கோ முதற்பங்கு உரியது. அப்பங்கைப் புதுநகரிலேயே வீடாகத் தருவது தருமமன்று, பாக்கி.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே யார்டாக இருந்த 72 ஏக்கரில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. இன்று ஹோட்டலும் காரியாலயமும் அடுக்கு மாளிகையும் நடக்கும் தூரத்தில் அங்கே கலந்து நிற்கின்றன. கட்டடங்கள் கலந்தன, மனிதர் கலந்தனரா? தண்டவாளத்தில் உழைத்த நம்மவரின் பேரன் அங்கே வாடகைக்கேனும் ஓர் அறை எடுக்கக் கூடுமா? புத்ராஜெயா எழுந்த பிராங் பெசார் தோட்டத்து மக்களோ டெங்கிலில் அடுக்கு வீடுகளுக்குப் போயினர்.

என்னை உறுத்துவது இன்னொன்று உண்டு. இன்று எங்கள் லயங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். குடியிருப்பு உரிமை தருமென்றால் அவர்க்கும் தரவேண்டுமன்றோ? பெர்மிட்டில் வந்தவன் வேறு, நாம் வேறு என்றார் ஒரு நண்பர். நம் பாட்டன் கப்பலை விட்டு இறங்கியபோது எந்தத் தலைமுறையைக் காட்டினான் என்றேன். நண்பர் விடை சொல்லவில்லை. என்னிடமும் முழு விடை இல்லை. ஆயினும் லாபுவின் வரைபடம் மறுபடி விரிக்கப்படுமாயின், அவன் படுக்கும் இடத்தையும் அதில் குறிக்க வேண்டுமென்றே நினைக்கிறேன்.