கால்களும் ஜெபிக்கட்டும்!

தியானப் பகுதி: லேவியராகமம் 19:9,10



அறுவடை நாளில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல், சிந்தின கதிரையும் பொறுக்காமல், ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி கர்த்தர் இஸ்ரவேலுக்குக் கட்டளையிட்டார். கவனியுங்க! மனசு இருந்தால் கொடு என்று சொல்லவில்லை. அந்த ஓரம் ஏழையின் பங்கு. போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கினது பிச்சை இல்லீங்க, நியாயப்பிரமாணம் கொடுத்த உரிமை. அந்த மோவாபிய விதவையின் வம்சத்தில்தான் நம் ஆண்டவர் வந்தார். அல்லேலூயா!

ஏழைக்குக் கொடுப்பதை யூதர்கள் எபிரெய பாஷையில் 'செதாக்கா' என்கிறார்கள். அதற்கு நீதி என்று அர்த்தம். நீதிமொழிகள் 10:2-ல் நம் வேதாகமத்தில் 'நீதி' என்று இருப்பதும் இதே வார்த்தைதான்.

மேசியாவைக் குறித்து நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் மோசேயும் தீர்க்கதரிசிகளும் இரண்டு பேருக்கும் பொதுதானே? ஆபிரகாம் யோசுவா ஹெஷல் என்ற ரபீ, தாயையும் சகோதரிகளையும் போலந்தில் நாசிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். 1962-ல் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1965 மார்ச் 21-ல் அமெரிக்காவின் செல்மா பட்டணத்தில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் புறப்பட்டபோது, முன்வரிசையில் அவரோடு நடந்தார். தம் கால்களே ஜெபித்ததுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ல் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அந்த நாட்டு யூதர்கள் 1985-ல் 'மாசோன்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். மாசோன் என்றால் ஆகாரம். கல்யாணம் போன்ற விசேஷச் செலவில் 3 சதவீதத்தைப் பசித்தவர்களுக்கு ஒதுக்குங்கள் என்று தங்கள் ஜனத்தைக் கேட்டார்கள். பசித்தவன் எந்த மதம் என்று பார்ப்பதில்லை. பட்டினியைப் போக்கும் திட்டங்களுக்காக அரசாங்கத்திடமும் வாதாடுகிறார்கள்.

பிரியமானவர்களே, நாம் உபவாசிக்கிறோம், அந்நியபாஷையில் பேசுகிறோம். ஸ்தோத்திரம்! ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் சம்பளத்தைத் தள்ளிப் போட்டால், அந்தக் கூலியே நமக்கு விரோதமாகச் சத்தமிடும் என்கிறார் யாக்கோபு (5:4). நம் சத்தத்தைவிட அந்தச் சத்தம் பரலோகத்தில் பெரிதாகக் கேட்டால் என்ன செய்வோம்?

பிள்ளைக்கு 5 லட்ச ரூபாயில் கல்யாணம் செய்கிறீர்களா? 3 சதவீதம் 15,000 ரூபாய். பந்தி போடும் முன்னே எடுத்து வையுங்க. அதுதான் உங்கள் வயலின் ஓரம். சபையில் ஒரு விதவை பென்ஷன் வராமல் அலைகிறாரா? அவருக்காக ஜெபிக்கிற வாலிபனே, எழுந்து அவரோடு தாலுகா ஆபீசுக்கும் நட. அந்த நடையும் ஜெபம்தான்.

"ஆண்டவரே, ஏழையின் பங்கை எங்கள் கையில் பிடித்து வைக்காதபடி காத்துக்கொள்ளும். எங்கள் கால்களையும் அபிஷேகியும். ஆமென்."