வினைப்பயனும் வனக்காவலும்

ஒருவன் செய்த வினையின் பயனைப் பிறிதொருவன் நுகர்தல் கூடுமோ? கூடாதென்பது சித்தாந்தத் துணிபு. வினை சடமாதலின் தானே பயன் தரமாட்டாது. செய்தானை அறிந்து அவன்பால் அதனைச் சேர்ப்பவன் இறைவனே. இத்துணிபு ஏட்டளவில் நின்றொழியாது, நம் நாட்டு வழக்கொன்றற்கும் அளவுகோலாதல் வேண்டும்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில், செந்நிறத்தில் வெண்திட்டுக்கள் விரவிய மாட்டினம் ஒன்றுண்டு. இலிங்கத்தை மார்பில் அணியும் இலிங்காயதர் முதலியோர் காட்டினுள் பட்டியிட்டுத் தலைமுறை தலைமுறையாக அதனை மேய்த்து வந்தனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் காடுவாழ்வாரின் உரிமைகளுள் ஒன்றாக வகுத்தது. ஆயினும், 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலை விலக்கிற்று. 2024இல் பர்கூர்க் காடுகளை உள்ளிட்ட ஏறத்தாழ 805 சதுர கிலோமீட்டர் வனம் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. மலைமக்கள் எதிர்த்தனர்.

காடு காத்தல் அறமன்றோ எனின், அறமே. வேங்கைக்கும் யானைக்கும் இடம் வேண்டும். மிகுமேய்ச்சலால் மரக்கன்றுகள் எழாமற் போதலும் உண்மை. மரங்கள் கரியமிலவாயுவை ஏற்று உலகின் வெப்பத்தைத் தணிக்கும். 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமிலவாயுவை ஏற்கவல்ல மரச்செறிவைப் புதிதாக உண்டாக்குவதென இந்திய அரசு 2015இல் உலகிற்கு உறுதி கூறியதும் இதுபற்றியே.

ஆயின், அவ்வாயுவை மிகுவித்தார் யாவர்? ஆலையும் அனல்மின்னும் ஊர்தியும் கொண்டு வாழும் சமவெளியாராகிய நாமே. அதற்குக் கழுவாய் நோற்பவர் யாவர்? அவ்வாழ்வின் பயனை மிகச் சிறிதே பெற்ற மேய்ப்பர். ஒருவன் உண்டு களிக்கப் பிறிதொருவனைப் பட்டினி கிடத்துதல் நோன்பாகுமோ?

"அவர் துன்பம் அவரது ஊழ்" என்பாரும் உளர். அது போலி நியாயம். பிராரத்தத்தை ஊட்டுதல் இறைவன் தொழில். பிறர்க்கு இடர் செய்வான் அதனைக் காரணங் காட்டித் தப்பமாட்டான்; தனக்கு ஆகாமியமே ஈட்டுவன்.

ஆகலின், மேய்ப்பர் கோரும் உரிமையைக் கிராம சபையில் முறையாகக் கேட்டுத் தீர்த்த பின்னரே விலக்கைப் பற்றிப் பேசல் தகும். விலக்கு இன்றியமையாத இடத்தும், அவர் இசைவும் மாற்று மேய்ச்சல் நிலமும் முன் நிற்றல் வேண்டும். நாமோ, ஆலய விழாக்களிலும் மடங்களிலும் வீணே எரியும் விளக்குகளையும் வீணே ஓடும் ஊர்திகளையும் இன்றே குறைத்தல் கடன். தன் நுகர்ச்சியைக் குறையாதவன் பிறர்க்கு விதிக்கும் துறவு அறமாகாதென்பதே நம் கருத்து.