கண்ணில்லாச் சிலந்திக்கு எத்தனை அறிவு?

ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக உயிர்களை வகுத்துரைத்தல் நம் அறநூல்களின் மரபு. ஊறு, சுவை, நாற்றம், ஒளி ஆகிய நான்கையும் உணர்வனவற்றை நாலறிவுயிர் என்பர். சிலந்தியையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்வது வழக்கு. இவ்வரிசையைக் கற்கும் இளைஞர் சிலர், "அறிவு குறைந்த உயிரைக் கொன்றால் பாவமும் அற்பந்தானே?" என வினவுவதுண்டு. இவ்வினாவைச் சிலந்தியின் கண் கொண்டே ஆராய்வோம்.

பெரும்பாலான சிலந்திகளுக்குக் கண்கள் எட்டு. முன்புறம் நடுவில் உள்ளவை இரண்டும் முதன்மைக் கண்கள். ஏனைய ஆறும் துணைக் கண்கள். சிலந்திக்குத் தொலைவுறவாகிய குதிரைலாட நண்டுக்கு இன்றும் பக்கங்களில் கூட்டுக்கண்களும் நடுவில் எளிய கண்களும் உள. அத்தகைய பண்டைய முன்னோரின் நடுக்கண்களே சிலந்தியின் முதன்மைக் கண்களாயின என்பதும், கூட்டுக்கண்கள் பிரிந்து சுருங்கித் துணைக் கண்களாயின என்பதும் உயிரியல் அறிஞர் கொள்கை.

நம் வீட்டுச் சுவர்களில் வலை பின்னாது தாவித் திரியும் சிறு சிலந்தியைக் காண்மின். அதன் முதன்மைக் கண்ணின் வில்லை அசையாது. உள்ளிருக்கும் விழித்திரையைத் தசைகள் அசைக்கின்றன. அவ்விழித்திரை நான்கு அடுக்குகளால் ஆனது. ஓரடுக்கில் தெளிவாகவும் மற்றோரடுக்கில் மங்கலாகவும் விழும் உருவங்களை ஒப்பிட்டே அது தொலைவை அளக்கிறது என 2012ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் காட்டினர். செவ்வொளியில் அது குறி தவறி, இரைக்கு முன்பாகவே விழுந்தது. 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மேலும் வியப்பூட்டுவது. உடல் ஒளி ஊடுருவும் பருவத்திலுள்ள சிலந்திக் குஞ்சுகள் இரவில் இழையில் தொங்கி உறங்குங்கால், அவற்றின் விழித்திரைகள் இடையிடையே அசைவதையும் கால்கள் சுருங்குவதையும் ஆய்வாளர் கண்டனர். மனிதர் கனவு காணும் உறக்கத்தை இது ஒத்திருக்கின்றது. சிலந்தியும் கனவு காணுமோ என்னும் வினா இதனால் எழுந்துள்ளது.

இனி இதன் மறுதலையைக் காண்போம். ஓநாய்ச் சிலந்திகள் பெருங்கண்ணுக்குப் பெயர் பெற்ற இனம். ஆயினும் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயின் எரிமலைக் குகைகளில் வாழும் ஓநாய்ச் சிலந்திக்குக் கண்களே இல்லை. இருளில் பயனின்மையால் அவை தலைமுறை தோறும் குன்றி மறைந்தன. லாவோஸ் நாட்டுக் குகையொன்றிலும் 2012இல் கண்ணற்ற வேறொரு சிலந்தி கண்டறியப்பட்டது.

கண் போனமையால் இவற்றின் உயிர் மலிந்ததோ? பிறவியிலேயே பார்வை இழந்த மனிதரை நாம் நாலறிவுயிர் என்பதில்லை. மக்கட்பிறவி என்றே மதிக்கின்றோம். பொறியின் புறவடிவை வேறாகவும் உள்ளுணர்வாற்றலை வேறாகவும் நம் நூல்கள் வகுத்திருப்பது ஈண்டு நினையத்தக்கது.

புலன் மிகுந்த உயிரின் நோவும் மிகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இல்லறத்தார்க்கு விதித்த அணுவிரதம் எங்கே எல்லை கோலுகின்றது? சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இயங்கும் உயிர் எதனையும் எண்ணித் துன்புறுத்தலாகாது என்கின்றது. ஈரறிவுயிர் முதல் அனைத்தும் இயங்குயிர்களே. கண்ணுள்ள சிலந்தியும் கண்ணற்ற சிலந்தியும் அவ்விரதத்தின் முன் ஒன்றே. ஆகவே அறிவின் எண்ணிக்கை, எதனை எத்துணை விழிப்போடு காக்க வேண்டும் எனக் கற்பிக்கும் பாடமாகும். கொல்லுதற்கு இசைவுச் சீட்டு ஆகாது.

பண்டிகை நாட்களில் ஒட்டடை அடிக்குமுன் விளக்கொளியில் மூலைகளை நோக்குக. சிலந்தியோ முட்டைப்பையோ இருப்பின், ஒரு தாளில் மெல்ல ஏந்தித் தோட்டத்துச் செடியருகே விடுக. வீடும் தூய்மையாகும், விரதமும் வழுவாது. இதனைப் பிள்ளைகளின் கையாலேயே செய்வித்தல் நன்று.