தடி கைமாறினால் நீதி வந்துவிடுமா?

அடிக்கிறவன் கையிலிருந்து தடியைப் பிடுங்கி அடிபட்டவன் கையில் கொடுத்துவிட்டால் நீதி வந்துவிடுமா? நம் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுகிற கேள்விதான். 'நம்ம ஆளு அந்த நாற்காலியில உக்காரணும், அப்பத்தான் விடியும்' என்பார் ஒருவர். 'யாரு உக்காந்தா என்ன, நாற்காலி அதே நாற்காலிதானே' என்பார் இன்னொருவர். வெறும் வாதமாக இல்லாமல், வாழ்ந்து பார்த்தே இதற்குப் பதில் தேடிய மக்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் செல்மாவுக்கும் மான்ட்கோமரிக்கும் நடுவே கிடக்கும் லவுண்ட்ஸ் கவுன்டி அவர்கள் ஊர். பருத்தி விளைந்த கரிசல் பூமி.

கவுன்டி என்பது கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் போல. அதன் காவல் அதிகாரிக்குப் பெயர் ஷெரீப். பழைய இங்கிலாந்தில் மன்னனுக்காக வரி தண்டி, வட்டாரத்தை அடக்கி வைத்திருந்த 'ஷயர் ரீவ்' என்ற பதவியே கடல் கடந்து போய் ஷெரீப் ஆனது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம எஸ்.பி.க்கு மேலே டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று அடுக்கு இருக்கிறது, மாற்றல் இருக்கிறது. ஷெரீப்புக்கு அன்றாடம் பதில் சொல்ல வேண்டிய மேலதிகாரி கிடையாது. டெபுடிகளை வைப்பதும் அவர்தான், நீக்குவதும் அவர்தான். சம்மன் கொண்டு கொடுப்பதும், கோர்ட் உத்தரவுப்படி குடியிருப்பவரை வெளியேற்றுவதும் அவர் ஆட்கள் வேலை. கவுன்டி ஜெயிலும் அவர் பொறுப்பு. புடிக்கிறவனும் அவனே, பூட்டுறவனும் அவனே, சோறு போடுறவனும் அவனே. அவன் அடிச்சா யாருகிட்ட போயி சொல்றது?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. காவலில் இருக்கும் கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்த ஷெரீப்பைப் பதவி நீக்கலாம் என்று அலபாமாவின் 1901 அரசியல் சட்டமே சொன்னது. கும்பல் கொலைகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அதே சட்டம்தான் எழுத்தறிவுச் சோதனை, தேர்தல் வரி என்று வைத்துக் கறுப்பரின் ஓட்டையும் பறித்தது. ஓட்டே இல்லாதவனுக்காக எந்த ஷெரீப் கும்பலைப் பகைத்துக்கொள்வான்?

1965 தொடக்கத்தில் லவுண்ட்ஸ் மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பர். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை. அந்த ஆகஸ்ட் 20ஆம் தேதி, உரிமைப் போராட்டத்துக்கு வந்து கைதாகி ஹேன்வில் ஜெயிலிலிருந்து அப்போதுதான் வெளியே விடப்பட்ட ஜோனதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவரை, ஒரு கடை வாசலில் வைத்து டாம் கோல்மன் சுட்டுக் கொன்றான். கோல்மன் யார்? சிறப்பு டெபுடி. ரூபி சேல்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்புப் பெண்ணைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டார் டேனியல்ஸ். வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி கொலையாளியை விடுதலை செய்தது.

அந்த மாதம்தான் வாக்குரிமைச் சட்டம் வந்திருந்தது. பட்டியலில் பேர் எழுதிய குத்தகைக்காரர்களை நிலக்காரர்கள் விரட்டினார்கள். நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டுக் கிடந்துகொண்டே அந்தச் சனங்கள் 1966இல் சொந்தமாகக் கட்சி கட்டினார்கள். ஆண்ட கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல்; இவர்கள் கருஞ்சிறுத்தையை எடுத்தார்கள். ஷெரீப் பதவிக்கும் ஆள் நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் எல்லோரும் தோற்றார்கள். ஆனால் சிறுத்தை நிற்கவில்லை. அதே ஆண்டு ஓக்லாந்து இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் ஆனது. பிறகு மதுரை வழியாக நம்ம சேரிச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கரிசல் காட்டுச் சனங்களோடு நமக்குள்ள உறவு இது.

1970இல் ஜான் ஹியூலெட் ஷெரீப் ஆனார். 1965 மார்ச்சில் முதன்முதலாகப் பட்டியலில் ஏறிய இரண்டு கறுப்பரில் ஒருவர். சிறுத்தைக் கட்சியை முன்னின்று நடத்தியவர். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். கறுப்பரை அடித்து மிரட்டுவதற்கென்றே இருந்த அலுவலகம் அதற்குப் பிறகு அப்படி இருக்கவில்லை.

இதைச் சின்ன மாற்றம் என்று சொல்பவர் வீட்டுக் கதவை நள்ளிரவில் எவனும் உதைத்திருக்க மாட்டான். ராத்திரி பயமில்லாம தூங்குறதும் நீதிதான். அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகுதான் மிச்சத்தைக் கேட்க முடியும்.

மிச்சம் நிறைய இருக்கிறது. நிலத்தைப் பங்கு போடும் அதிகாரம் ஷெரீப் பதவியோடு வரவில்லை. லவுண்ட்ஸில் இன்றும் பல ஏழை வீடுகளின் கழிவுநீர் வாசலிலேயே தேங்குகிறது. நீரை உறிஞ்சாத களிமண். சரியான கழிவுத் தொட்டி கட்டப் பணமில்லை. இதைச் சரிசெய்ய 2023இல் மத்திய நீதித்துறை மாநிலச் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. 2025இல் அதே நீதித்துறை, ஆட்சி மாறியதும், அதைக் கைவிட்டது.

பதவியின் கட்டுமானமும் கிடந்தபடியே கிடந்தது. கைதிகளின் சாப்பாட்டுக்கு அரசு தரும் பணத்தில் மிச்சம் பிடித்தால் அது ஷெரீப்புக்கே என்று அலபாமாவில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. மோர்கன் கவுன்டி ஷெரீப் மூன்று ஆண்டுகளில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் இப்படி எடுத்துக்கொண்டார். 2009இல் யு.டபிள்யூ. கிளெமன் என்ற கறுப்பு நீதிபதி அந்த ஷெரீப்பையே ஒரு ராத்திரி சிறையில் வைத்தார். சட்டம் மாற 2019 ஆயிற்று. அடுத்தவன் பசியிலிருந்து பணம் எடுக்கிற வாய்ப்பைச் சட்டமே திறந்து வைத்திருந்தால், அங்கே உட்காருகிறவனின் நிறத்தை மட்டும் பார்த்து நாம் நிம்மதி அடைய முடியுமா?

ஆகவே என் பதில் இது. நாற்காலியைப் பிடிக்கத்தான் வேண்டும். வேண்டாம் என்று நமக்குச் சொல்பவன் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு வக்காலத்து வாங்குகிறான். ஆனால் நல்ல மனிதர் அங்கே உட்கார்வது நம் அதிர்ஷ்டம். அதை நீதி என்று நம்பி இருந்துவிட முடியாது. ஜெயிலுக்குள்ளே கிடக்கிறவன், ஓட்டுப் போடாதவன், வேற சாதிக்காரன், யாராயிருந்தாலும் 'என்னை ஏன் அடிச்ச, என் சோத்துப் பணம் எங்க' என்று கேட்கவும், கேட்டால் பதில் கிடைக்கவும் வழி இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நம்ம அண்ணனே ஆனாலும் அந்தக் கேள்வியை நாம்தான் முதலில் கேட்க வேண்டும். நெடுநாள் தடியடி வாங்கியவர்கள் நாம். அது எங்கே வலிக்கும் என்று நமக்குத்தானே தெரியும்.