துறவியின் கையில் மருந்து

திருப்பதியில் மலையும் மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. நோய் தீர்ந்தால் முடி காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டவர் திருமலைக்குப் படியேறுகிறார். அவர் வீட்டைச் சேர்ந்த இன்னொருவர் அதே வேளையில் அடிவாரத்தில், தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-ல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தின் வாசலில் சீட்டுக்காகக் காத்திருக்கிறார். பிரார்த்தனைக்கும் மருந்துக்கும் பகை உண்டென்று அந்தக் குடும்பத்தில் யாரும் நினைப்பதில்லை. சித்தூர்ப் பகுதிக்கு இந்த இணக்கம் புதிதன்று. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1915-ல் காசநோயாளிகளுக்காக எழுந்த சிகிச்சை நிலையம் 'ஆரோக்கியவரம்' என்றே பெயர் பெற்றது. மருத்துவர் தருவதையும் வரம் என்று சொல்ல மக்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பக்தனுக்கு இவ்வளவு எளிதாக இருக்கும் இந்த இணக்கம் துறவிக்கு மட்டும் எளிதாக இருந்ததில்லை. உடலைக் கடக்கப் புறப்பட்டவர் பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கலாமா? உலக உறவுகளை விட்டவருக்குப் பிரசவ அறையில் என்ன வேலை? நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விகள் வெறும் வாதங்களாக இருக்கவில்லை. பல பெண்களின் உயிர் அவற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேலூரின் வரலாறு பலரும் அறிந்ததே. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் இறந்தனர். ஆண் மருத்துவர் அருகில் இருந்தும், அவர் தொடுவதை அந்தக் குடும்பத்தார் ஏற்கவில்லை. அந்த இரவு ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண்ணின் வாழ்வைத் திருப்பியது. அவர் மருத்துவம் பயின்று திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அவர் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். துறவற வார்த்தைப்பாடு எடுத்தவர் அல்லர். ஆகவே அவரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கத்தோலிக்கக் கன்னியரின் நிலை வேறு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை ஏற்ற பெண், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பணிவிடை செய்யலாம். மருத்துவராகத் தொழில் செய்வதும் பிரசவம் பார்ப்பதும் திருச்சபையின் விதிகளால் விலக்கப்பட்டிருந்தன. துறவின் தூய்மையைக் காக்க எழுந்த வேலி அது. ஆனால் வேலிக்கு வெளியே நின்று துடித்தவர்கள், அந்த விதியை இயற்றியவர்களின் கண்ணில் படாத தொலைதூர நாட்டுத் தாய்மார்கள்.

இந்த முரண்பாட்டை முதலில் உரக்கச் சொன்னவர் ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். அறுபது வயதை ஒட்டிக் கத்தோலிக்க நெறியைத் தழுவிய அவர், எழுபது வயதைக் கடந்த நிலையிலும் ராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை அமைய உழைத்தார். விதியைத் தளர்த்துமாறு கேட்டு ஐந்து முறை ரோமாபுரிக்குச் சென்றார். விடை கிடைக்காமலேயே 1913-ல் மறைந்தார்.

1915-ம் ஆண்டு அக்டோபர் மாதம், மெல்போர்ன் நகரில் மேரி குளோரி என்ற இளம் மருத்துவரின் கையில் மெக்லாரனைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூரில் 1887-ல் பிறந்தவர் அவர். 1910-ல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழிலில் வேரூன்றிக்கொண்டிருந்தார். அந்தச் சில பக்கங்கள் அவருக்குத் திசை காட்டின. ஆனாலும் மறுநாளே அவர் மூட்டை கட்டவில்லை. போர்க்காலத்தில் மெல்போர்ன் மருத்துவமனைகளில் பணியைத் தொடர்ந்தார். மகப்பேறு, மகளிர் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் உயர்பட்டம் பெற்றார். இறைவன் அழைத்தால் தகுதி தானாக வந்துவிடும் என்று எண்ணுவோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அழைப்பைக் கேட்டபின் அவர் செய்த முதல் காரியம், மேலும் படித்ததுதான்.

1920 பிப்ரவரியில் அவர் குண்டூர் வந்து சேர்ந்தார். சித்தூரைப் போலவே குண்டூரும் அன்று சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதி. 1904 முதல் அங்கே தொண்டாற்றி வந்த, ஹாலந்தைத் தாயகமாகக் கொண்ட இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, 'திரு இருதய மரி' என்ற துறவுப் பெயரை ஏற்றார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் செய்யப் போப்பாண்டவர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் தனி அனுமதி கிடைத்தது. அந்த மடத்தாரின் சிறு மருந்தகம் அவரது உழைப்பில் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்பவர்களாகவும் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவித்தார். இந்நாட்டு மூலிகைகளின் குணங்களையும் கற்றுப் பயன்படுத்தினார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மருத்துவத் தொண்டுதான் நோக்கம் என்றால், துறவறம் எதற்கு? ஐடா ஸ்கடரைப் போல எந்த அனுமதிக்கும் காத்திராமல் நேராக வந்திருக்கலாமே? ஒரே ஊசி, ஒரே மருந்து, ஒரே கத்தி. பிள்ளை பெறும் தாய்க்கு மருத்துவர் எந்த உடையில் நிற்கிறார் என்பதால் வலி குறைவதில்லை.

வலி குறைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் திறமையைக் கொடுப்பது வேறு, தன்னையே கொடுப்பது வேறு. திறமையைக் கொடுப்பவர் ஒரு நாள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதில் குற்றமும் இல்லை. பணிக்காலம் முடிந்தது, ஊதியம் போதவில்லை, ஊர் ஒத்துவரவில்லை என்று புறப்படலாம். வார்த்தைப்பாடு கொடுத்தவர் அந்த வாசலைத் தன் கையாலேயே சாத்திவிடுகிறார். குண்டூருக்கு வந்த மேரி குளோரி 1957-ல் இறக்கும் வரை, முப்பத்தேழு ஆண்டுகள், தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. நோயாளிக்குத் தேவைப்படுவது திறமையான கை மட்டும் அன்று. நாளையும் அதே கை அங்கே இருக்கும் என்ற உறுதியும்தான். துறவு அவரது மருத்துவத்துக்குச் சேர்த்தது இதைத்தான்.

நம் நாட்டுத் துறவியரும் இதே கேள்வியைச் சந்தித்தவர்களே. 1901-ல் ஹரித்வாரை அடுத்த கன்கலில் சுவாமி கல்யாணானந்தர் நோயுற்ற சாதுக்களுக்கு மருத்துவத் தொண்டு தொடங்கினார். சுவாமி நிச்சயானந்தர் பின்னர் அவருடன் சேர்ந்தார். நோயாளிகளின் மலத்தைத் தம் கையாலேயே அகற்றிய அவ்விருவரையும், கழிவு அள்ளும் சாமியார்கள் என்று இகழ்ந்து, ஆசாரமான துறவியர் தம் பந்தியில் சேர்க்கவில்லை. பிற்பாடு தனராஜ் கிரி என்ற மூத்த மடாதிபதி அவர்களைத் தாமே அழைத்துப் பெருமைப்படுத்திய பிறகே நிலை மாறியது. ரோமாபுரியின் சட்டமும் கங்கைக்கரையின் ஆசாரமும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் அஞ்சியது ஒன்றையே: தொட்டால் துறவு அழுக்காகிவிடுமோ என்று.

மேரி குளோரி மதப் பணியாளராகவே வந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. நோயாளியின் இயலாமை எவருக்கும் வலையாகிவிடக் கூடாது என்ற கவலை இம்மண்ணில் உண்டு, அது நேர்மையான கவலை. எந்த நெறியைச் சேர்ந்தவராயினும், குணமாகி எழுந்தவர் தான் வந்த நம்பிக்கையோடே தலைநிமிர்ந்து வீடு திரும்ப முடிகிறதா என்பதே இதற்கு உரைகல்.

இதைவிடக் கடினமான கேள்வி கீழ்ப்படிதலைப் பற்றியது. மேரி குளோரிக்குக் கிடைத்த அனுமதி, ஒருவருக்கு மட்டும் திறந்த சிறு சாளரம். பொது விதி அப்படியே இருந்தது. ராவல்பிண்டியில் மருத்துவராயிருந்த ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல் இன்னொரு வழி கண்டார். 1925-ல் அமெரிக்காவில் அவர் தொடங்கிய மருத்துவ மிஷன் சகோதரிகள் குழு, பகிரங்க வார்த்தைப்பாடு இல்லாமலே துறவியரைப் போல வாழ்ந்து, மருத்துவப் பணி செய்தது. 1936 பிப்ரவரி 11 அன்றுதான், துறவறப் பெண்கள் மருத்துவமும் மகப்பேறும் கற்றுச் செய்யலாம் என்று ரோமாபுரி அறிவித்தது. மெக்லாரன் இறந்து அப்போது இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

காத்திருந்தவர்களின் பொறுமையைப் புகழ்வது எளிது. ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். இடைப்பட்ட காலத்தில் பேறுகால அறைகளில் இறந்த பெண்கள் எந்தக் கீழ்ப்படிதலுக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் இல்லை. தன் உயிரைத் தன் விரதத்துக்குப் பணயம் வைக்கத் துறவிக்கு உரிமை உண்டு. பிறர் உயிரைப் பணயம் வைக்க உண்டா? இந்த மூவரும் கட்டளையை மீறவில்லை. அதே சமயம் கைகட்டி உட்காரவுமில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் விதி தொடாத இடத்தில் நின்று வேலை செய்தார். ஒருவர் விலக்குப் பெற்று, துறவியின் கையில் மருந்து இருந்தால் துறவு கெடாது என்பதைத் தினமும் செய்து காட்டினார். கீழ்ப்படிதலை வெறும் பணிவென்று எண்ணுவோர்க்கு இந்த உழைப்பு புரியாது.

1943-ல் மேரி குளோரி கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் சங்கத்தை நிறுவினார். தம் நெறியின் வழிநிற்கும் மருத்துவக் கல்லூரி ஒன்று இந்தியாவில் அமைய வேண்டும் என்பது அவரது கனவு. பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி 1963-ல் தொடங்கியபோது அவர் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2013-ல் அவரை 'இறை ஊழியர்' என்று அறிவித்தது. புனிதராகப் போற்றப்படுவதற்கான நீண்ட ஆய்வின் முதற்படி அது.

இறுதிக் காலத்தில் புற்றுநோய் அவரைப் பற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் கட்டிலருகே நின்றவர் இப்போது கட்டிலில் கிடந்தார். தொடுவதற்கு அனுமதி பெற்று வந்தவர், பிறர் தொட்டுத் துடைக்கத் தன்னை ஒப்புக்கொடுத்தார். 1957 மே 5 அன்று பெங்களூரில் அவர் உயிர் பிரிந்தது. குண்டூரில் அவர் சபைச் சகோதரிகள் மருத்துவமனைப் பணியைத் தொடர்ந்தனர்.