சிப்பந்தியின் உடலும் முதலாளியின் அமானிதமும்

சம்பளமும் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்துவிட்டால், கடைச் சிப்பந்திக்கு முதலாளி செய்யவேண்டிய கடமை தீர்ந்துவிடுமா? சிப்பந்தியின் உடல்நலத்துக்கும் முதலாளி பொறுப்பாளியா? பொறுப்பாளி என்றால், அந்தப் பொறுப்பு எந்த எல்லைவரை செல்லும்? அலோர் ஸ்டாரிலும் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கடை நடத்திவரும் நம் சமுதாய வணிகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.

பெரிய கம்பெனிகளில் ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இந்நாட்டில் சொக்ஸோ நிறுவனமும் 2013-ஆம் ஆண்டில், நாற்பது வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கென்று இலவசப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு, அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், சில இடங்களில் ஆண்களுக்கான சோதனைப் பட்டியலில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புற்றுநோய்ச் சோதனையையும் சேர்த்துவிடுகிறார்கள். இங்கேதான் சிக்கல் எழுகிறது.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறு சுரப்பி. வயது ஏற ஏற அது பருக்கும். இரவில் பலமுறை எழுந்திருப்பதும், சொட்டுச் சொட்டாகப் போவதும், ஒளு நிலைத்ததோ இல்லையோ என்று முதியோர் மனம் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்தப் பருமனால் வருபவையே, புற்றுநோயினால் அல்ல. புற்றுநோயோ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் வளரக்கூடியது. மலேசிய ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் இது இருக்கிறது. முற்றிய பின்னரே ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் நம் நாட்டில் அநேகர்.

அப்படியானால் எல்லாரையும் சோதித்துவிடுவதுதானே என்று தோன்றும். மருத்துவ உலகமும் முதலில் அப்படித்தான் எண்ணிற்று. பி.எஸ்.ஏ. என்ற புரதம் புற்றுநோயால் மட்டுமன்றி, சாதாரணப் பருமனாலும் அழற்சியாலும் இரத்தத்தில் உயரும். அளவு உயர்ந்திருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய நால்வருக்கு மூவர் வீதம் புற்றுநோய் இல்லாதவராக இருந்ததை ஐரோப்பிய ஆராய்ச்சி காட்டிற்று. இன்று எம்.ஆர்.ஐ. படம் முதலில் எடுப்பதால் இத்தொல்லை ஓரளவு குறைந்திருக்கிறது. அதே ஆராய்ச்சியின் இருபத்துமூன்று ஆண்டுக் கணக்கு 2025-இல் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஓர் உயிர் இந்நோயினின்று காப்பாற்றப்பட்டது. அந்த ஓர் உயிருக்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு பேர் புற்றுநோயாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். அவர்களில் பலருக்கு அந்நோய் ஆயுள் முழுதும் தொல்லை தராமலே இருந்திருக்கும். அறுவை செய்துகொண்டவர்களில் சிலர் மூத்திரத்தை அடக்கும் சக்தியையும் இல்லற சக்தியையும் இழக்கிறார்கள்.

அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க நிபுணர் குழு 2012-இல் இச்சோதனை வேண்டாம் என்றது. 2018-இல், 55 வயது முதல் 69 வரை உள்ளவர்கள் டாக்டருடன் கலந்து பேசித் தாமே முடிவு செய்துகொள்ளலாம் என்றும், எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேண்டாம் என்றும் தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

ஆக, நம்முன் இருப்பது உயிர் காக்கவும் கூடிய, ஊறு செய்யவும் கூடிய ஒரு பொருள். வணிகனுக்கு இது புதிய நிலைமை அன்று. குறையுள்ள துணியை விற்பது நம் மார்க்கத்தில் ஆகாத காரியமன்று. குறையை மறைத்து விற்பதே ஆகாது. குறையைச் சொல்லிக் கொடுத்தால், வாங்குவதும் விடுவதும் வாங்குபவன் பாடு. ஒரு கெஜம் துணிக்கு இவ்வளவு நிபந்தனை என்றால், ஒரு மனிதனின் உடல்மீது செய்யும் சோதனைக்கு எவ்வளவு இருக்கவேண்டும்? சிப்பந்திக்கு அதன் குறையைச் சொல்லாமல், “இலவசமாக எடுக்கிறோம், கையை நீட்டு” என்பது தர்மமாகத் தோன்றலாம்; ஆனால் குறையை மறைத்து விற்றவனின் செயலுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

“அவருக்கு என்ன தெரியும்? தகப்பனைப் போல் நானே முடிவு செய்கிறேன்” என்று சில முதலாளிகள் கூறலாம். அன்பினால் வரும் சொல்தான். எனினும், பருவமடைந்து புத்தி தெளிந்த ஒருவருக்கு இன்னொருவர் வலியாக இருக்க ஷரீஅத் இடம் கொடுக்கவில்லை. ஷாபிஈ மத்ஹபில் வைத்தியம் செய்துகொள்வது பொதுவாக சுன்னத்தேயன்றி பர்ளு அன்று. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும், தகுதியுள்ள நோயாளியின் சம்மதம் வைத்தியத்துக்கு அவசியம் என்றே தீர்மானித்தது. நோயாளியின் விஷயத்திலேயே இப்படியென்றால், எந்த நோயும் தெரியாமல் கல்லாவில் நிற்பவரின் விஷயத்தில் கேட்கவும் வேண்டுமா?

அதிலும், சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது சிப்பந்தி சொல்லும் “சரி” முழுச் சம்மதமாகாது. தாய்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் சகோதரர்களை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா பரிசோதனையில் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். அந்த அச்சத்தோடு வாழ்பவருக்கு இரத்தப் பரிசோதனை என்றாலே வேலை போகும் என்றுதான் பொருள். ஆதலால் சோதனையின் முடிவு சிப்பந்திக்கும் டாக்டருக்கும் மட்டும் உரியதாயிருக்கவேண்டும். முதலாளியின் மேசைக்கு வரலாகாது. இந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நல விவரங்களைத் தனிக் கவனத்துக்குரியவை என்றே வகுத்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் பிறர் இரகசியம் அமானிதமே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. “இப்படிக் குறைகளையெல்லாம் எடுத்துச் சொன்னால் ஒருவரும் சோதனைக்கு வரமாட்டார். நோய் முற்றிச் சாவார். அந்தப் பாவம் யாரைச் சேரும்?” என்பது அது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்று என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்திருக்கிறார்கள். ஆனால் நம்மவர் தாமதமாகச் செல்வதற்குக் காரணம் உண்மை தெரிந்ததன்று. வெட்கம் ஒன்று, லீவு கிடையாமை மற்றொன்று. மூத்திரத்தில் இரத்தம் கண்டும், தீராத எலும்பு வலி வந்தும், யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கூட்டச் சோதனையன்று; உடனே டாக்டரைப் பார்ப்பதேயாகும். அறிகுறி கண்டபின் தாமதிப்பதைத் தவக்குல் என்று சொல்லிக்கொள்வது, கடையைப் பூட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதைப் போன்றது.

ஆகவே முதலாளியின் கடமை எது? சிப்பந்தி டாக்டரிடம் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதிருப்பது. சோதனை வேண்டுமென்று அவர் தாமே தேர்ந்தால் செலவை ஏற்பது. முடிவு சரியில்லையென்றால் அடுத்த படிகளுக்கும் கைகொடுப்பது. முதல் சோதனைக்குப் பணம் தந்து, பின்னர் “உன் பாடு” என்று விட்டுவிடுவது, பாதி ஆற்றில் தோணியை விட்டு இறங்குவதற்கு ஒப்பாகும். தகப்பனுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் ஆபத்து அதிகம் என்பதையும், அப்படிப்பட்டவர் சற்று முன்னதாகவே டாக்டரிடம் பேசுவது நலம் என்பதையும் எல்லாருக்கும் தெரியச் செய்வது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும். நம் கடைகளில் ஓடியாடி வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். இருபத்தைந்து வயதினருக்கு இச்சோதனையால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது போதிய தூக்கமும், நேரத்துக்குச் சாப்பாடும், உட்கார்ந்து இளைப்பாற நேரமும். 55 வயதைத் தாண்டியவர் பெரும்பாலும் கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியே! அவர் தம் வெட்கத்தை விட்டு, டாக்டரிடம் சென்று, இலாப நஷ்டம் கேட்டறிந்து, ஒரு முடிவுக்கு வரட்டும். சிப்பந்திகளுக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

தோட்டத் துரைமார்களும் முன்னாளில் டிரஸ்ஸரையும் ஆஸ்பத்திரியையும் வைத்திருந்தனர். மறுநாள் தொழிலாளி எழுந்து பால்மரம் வெட்டவேண்டுமே என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது. நம் அக்கறை அந்தக் கணக்கினின்று வேறுபட்டிருக்கவேண்டும். சிப்பந்தியின் உடல் அல்லாஹ் அவருக்குக் கொடுத்த அமானிதம், நமக்குக் கொடுத்ததன்று. அதைப் பேணுவதற்கு நாம் துணை நிற்கலாம், உரிமையாளராக முடியாது. இதையறிந்து நடக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.